குதிக்கத் தெரியாத முயல்

இந்த எபிசோட ஒரு பழைய சண்டையில இருந்து ஆரம்பிக்கலாம்.

2004 மே மாசம், முழுப் பரீட்சை லீவு. திருச்சியில எங்க வீட்டு ஹால். எனக்கு அப்ப ஏழு வயசு. டிவியோட கனெக்ட் பண்ணி விளையாடற டிவி கேம் ஒண்ணு வீட்டுல இருந்துச்சு. உங்கள்ல நிறைய பேர் வீட்டுலயும் இருந்திருக்கும். மஞ்சள் கலர் கேசட், ஊதி ஊதிப் போட்டாத்தான் ஓடும். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேம்ல ஒரு முயல் படிக்கட்டு ஏறி இறங்கி கேரட் பொறுக்கும். ஒரு பூனை துரத்தும். மாட்டினா போச்சு.

அந்த லீவுக்கு சிங்கப்பூர்ல இருந்து பெரியப்பா பையன் வந்திருந்தான். என்னைவிட நாலு வயசு பெரியவன். கையில யாரோ குடுத்த பழைய கேம் பாய், செங்கல் சைஸ்ல. நான் விளையாடறதை ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு சொன்னான்: "டேய், இது மிக்கி மவுஸ் கேம்டா. உன் கேசட் டூப்ளிகேட். எலிக்குப் பதிலா முயலை வெச்சு உன்னை ஏமாத்தியிருக்கானுங்க."

எனக்குக் கோபம் வந்துருச்சு. "முயல்தான் ஒரிஜினல், உன்னுதுதான் டூப்ளிகேட்"னு கத்தினேன். அவன் கேம் பாயை நீட்டினான். நிஜமாவே மிக்கி. ஆனா அதே மாதிரி படிக்கட்டு, அதே மாதிரி குழாய், அதே மாதிரி ஒரு பக்கமா நடந்து வர்ற எதிரி. சண்டை முத்தி, கடைசியில அப்பாயி வந்து டிவி ஸ்விட்சை அணைச்சாங்க. தீர்ப்பு வரவே இல்ல.

இருபது வருஷம் கழிச்சு அந்தத் தீர்ப்பைத் தேடிப் போனேன். எங்க ரெண்டு பேரு கேமும் ஒரே குடும்பம். ரெண்டுமே முதல் பிள்ளை இல்ல. மூத்தவன் வேற ஒருத்தன்.

மூத்தவன்

1988-ல அமெரிக்காவில் ஒரு படம் வந்துச்சு. 'ஹூ ஃப்ரேம்டு ராஜர் ராபிட்'. இயக்குநர் ராபர்ட் ஸெமெக்கிஸ். நிஜ மனுஷங்களும் கார்ட்டூன்களும் ஒரே ஊர்ல சேர்ந்து வாழற கதை. ஹீரோக்கள்ல ஒருத்தன் ராஜர்ங்கற முயல். இந்தப் படத்துல ஒரு அதிசயம் நடந்துச்சு. டிஸ்னியோட மிக்கி மவுஸும் வார்னர் பிரதர்ஸோட பக்ஸ் பன்னியும் ஒரே காட்சியில சேர்ந்து வந்தாங்க. அதுக்கு வார்னர் போட்ட கண்டிஷன், எங்க முயலுக்கும் உங்க எலிக்கும் திரையில சம நேரம் இருக்கணும்ங்கறது. ரெண்டு பெரிய ஹீரோக்களை ஒரு படத்துல நடிக்க வெச்சா டயலாக் எண்ணுவாங்களே, அதே கதைதான்.

படம் ஹிட். 1989 பிப்ரவரியில ஜப்பான்ல கெம்கோங்கற கம்பெனி 'ராஜர் ராபிட்'னு ஒரு கேம் வெளியிட்டாங்க. நிண்டெண்டோவோட ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கு. ஃபாமிகாம்ங்கறது நம்ம ஊர் டிவி கேம் எல்லாத்துக்கும் பாட்டன். நம்ம வீட்டுல இருந்தது அதோட காப்பி.

கேம் ரொம்ப சிம்பிள். ராஜர் ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் இருக்கற இதயங்களைப் பொறுக்கணும். வில்லன்கிட்ட மாட்டிக்கிட்ட மனைவி ஜெசிகாவைக் காப்பாத்தணும். படிக்கட்டுல ஏறலாம், குழாய்க்குள்ள நுழையலாம், கதவு வழியாப் போகலாம். ஆனா குதிக்க முடியாது. முயலைத்தான் சொல்றேன். குதிக்க முடியாது.

இதை அமெரிக்காவுல விக்கணும்னு கெம்கோ நினைச்சப்ப ஒரு சிக்கல். அங்க நிண்டெண்டோ மெஷினுக்கு ராஜர் ராபிட் கேம் எல்ஜேஎன்ங்கற வேற கம்பெனி பேர்ல வந்துச்சு. இங்கிலாந்தோட ரேர் கம்பெனி செஞ்ச முற்றிலும் வேற கேம் அது. ஒரே ஊர் கடையில ரெண்டு ராஜர் நிக்க முடியாது.

சரி, டிஸ்னிகிட்ட மிக்கியைக் கேட்கலாமா? அங்க அந்த மெஷினுக்கு டிஸ்னி கேம்களை கேப்காம் வித்துட்டு இருந்தாங்க. ஹட்சன்ங்கற கம்பெனி 1987-ல ஜப்பானுக்காகச் செஞ்ச 'மிக்கி மவுஸ்கேபேட்' கேமைக்கூட அமெரிக்காவுல 1988-ல கேப்காம்தான் வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே 'டக்டேல்ஸ்'.

கெம்கோ வார்னர் பக்கம் போனாங்க. 1989-லயே அதே கேம் அமெரிக்காவுல 'தி பக்ஸ் பன்னி கிரேஸி காசில்'னு வந்துச்சு. இதயம் கேரட் ஆச்சு. ஜெசிகா ஹனி பன்னி ஆனாங்க. வில்லனோட அடியாட்கள் இருந்த இடத்துல சில்வெஸ்டர் பூனையும் டாஃபி டக்கும் யோஸமிட்டி சாமும் வந்து நின்னாங்க. மொத்தம் 60 ஸ்டேஜ், ஒவ்வொண்ணுலயும் 8 கேரட். நான் திருச்சியில பொறுக்கினது இந்தக் கேரட்டைத்தான்.

அதே 1989 செப்டம்பர்ல ஜப்பான்ல, அப்பதான் புதுசா வந்திருந்த கேம் பாய்க்கு, கெம்கோ இதே கேமை 'மிக்கி மவுஸ்'னு வெளியிட்டாங்க. ஜப்பான்ல கேம் பாய்க்கு மிக்கியோட லைசென்ஸ் அவங்களுக்குக் கிடைச்சிருந்துச்சு. அந்தக் கேம் பாய் பதிப்பு 1990-ல அமெரிக்காவுக்குப் போனப்ப மறுபடி பக்ஸ் பன்னி ஆயிடுச்சு.

ஆக, ராஜர் ராபிட் படத்துல மிக்கிக்கும் பக்ஸுக்கும் சம நேரம் குடுக்கணும்னு சண்டை போட்டாங்க இல்லையா? அந்தப் படத்து கேமை மிக்கியும் பக்ஸும் ஆளுக்கொரு நாட்டுல பங்கு போட்டுக்கிட்டாங்க.

முகத்தை எப்படி மாத்தினாங்க?

இன்ஜினியரா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. கொஞ்சம் டெக்னிக்கல், பயப்படாதீங்க.

அந்தக் கால நிண்டெண்டோ மெஷின் படத்தை முழுசா வரையாது. எட்டுக்கு எட்டு புள்ளி இருக்கற குட்டிக் குட்டிக் கட்டங்களை எடுத்து டைல்ஸ் ஒட்டற மாதிரி ஒட்டும். ஒரு நேரத்துல 256 கட்டம் பின்னணிக்கு, 256 கட்டம் ஆள் அம்பு எல்லாத்துக்கும். ஒரு கட்டத்துல மூணு கலர், கூடவே ஒரு வெற்றிடம். அவ்வளவுதான் சொத்து. பல கேசட்டுகளைத் திறந்தா உள்ள ரெண்டு தனித் தனி சிப் இருக்கும். ஒண்ணுல புரோகிராம், இன்னொண்ணுல இந்தக் கட்டங்கள்.

புரோகிராம் பக்கத்துக்கு முயல்னு ஒண்ணு கிடையாது, பூனைன்னும் ஒண்ணு கிடையாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் 'இந்த நம்பர் கட்டத்தை இந்த இடத்துல வை', 'இவன் அவனைத் தொட்டா உயிர் போச்சு' இவ்வளவுதான். கட்டங்களை மாத்தி வரைஞ்சா முயல் எலியாயிடும். புரோகிராம் தன் பாட்டுக்கு ஓடும். நிஜத்துல ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தறப்ப நிறைய திருத்தி எழுதியிருப்பாங்க. ஏன்னா கேம் பாய் ஸ்கிரீன் 160-க்கு 144 புள்ளிதான், நாலே நாலு ஷேடு. ஆனா துரத்தற விதி, படிக்கட்டு கணக்கு, ஒரு ஸ்டேஜோட முதுகெலும்பு, இதெல்லாம் கூடவே போச்சு.

இப்ப அந்தக் குதிக்காத முயல் விஷயத்துக்கு வாங்க. இந்தக் கேம்ல குதிக்க விட்டா கேமே செத்துடும். மேல இருக்கற தளத்துல ஒரு எதிரி நடந்து வர்றான், கீழ ஒருத்தன். எந்தப் படிக்கட்டுல எந்த நொடியில ஏறறதுன்னு முடிவு பண்றதுதான் முழு விளையாட்டும். எதிரியைத் தாண்டிக் குதிச்சுட்டா யோசிக்க என்ன இருக்கு? அதனால முயலா இருந்தாலும் நடந்துதான் போகணும்.

இதுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. பக்ஸ் பன்னி 1940-ல பிறந்தவர். 1990-ல அவரோட ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இதே கெம்கோ 'பக்ஸ் பன்னி பர்த்டே ப்ளோஅவுட்'னு ஒரு கேம் போட்டாங்க. அதுல பக்ஸ் கையில சுத்தியலோட நல்லா குதிச்சுக் குதிச்சுப் போவார். பக்ஸை மனசுல வெச்சு ஆரம்பிச்சா முயல் குதிக்கும். கிரேஸி காசில்ல குதிக்கலைன்னா, அங்க கேம் முதல்ல வந்துச்சு, முகம் அப்புறம் வந்துச்சுன்னு அர்த்தம்.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 1990-ல ஸேகா மெகா டிரைவுக்கு வந்த 'காசில் ஆஃப் இல்யூஷன்'. எமிகோ யமாமோட்டோங்கற பெண் இயக்கினது. மிஸ்ரபெல்ங்கற சூனியக்காரிகிட்ட இருந்து மின்னியைக் காப்பாத்தணும். அங்க மிக்கி ஒரு விளிம்புல நின்னா தடுமாறுவார், எதிரி மேல குதிக்கறப்ப உட்கார்ற மாதிரி காலை நீட்டுவார். அந்த எலியை எடுத்துட்டா அந்தக் கேம்ல பாதி போயிடும்.

முகவரி மாறிக்கிட்டே போன குடும்பம்

கெம்கோ அதோட நிறுத்தல. 1991-ல ஜப்பான்ல 'மிக்கி மவுஸ் 2' வந்துச்சு. அமெரிக்காவுல அது 'கிரேஸி காசில் 2', மறுபடி பக்ஸ் பன்னி. ஐரோப்பாவுல அதே கேம் ஹியூகோங்கற குட்டிப் பூதத்தோட பேர்லயும் வித்துச்சு. ஹியூகோ டென்மார்க் டிவி நிகழ்ச்சியில பிரபலமானவன்.

1992-ல ஃபாமிகாமுக்கு 'மிக்கி மவுஸ் 3'. பலூன் வெச்சு விளையாடற வேற மாதிரி கேம். இது அமெரிக்காவுக்குப் போனப்ப மிக்கியும் இல்ல, பக்ஸும் இல்ல. கெம்கோவே கிட் க்ளௌன்னு ஒரு கோமாளியை உருவாக்கி உள்ள நிறுத்திட்டாங்க. வாடகை முகம் கிடைக்கலைன்னா சொந்த முகம். அந்தக் கோமாளிக்கு அப்புறம் தனியா கேம்களே வந்துச்சு.

1993-ல கேம் பாய்க்கு 'மிக்கி மவுஸ் 4'. இதுதான் உச்சம். அதே கேம் அமெரிக்காவுல 'தி ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்', ஐரோப்பாவுல 'கார்ஃபீல்ட் லேபிரிந்த்'. பேய் பிடிக்கறவங்க, லசான்யா சாப்பிடற குண்டுப் பூனை, எலி. மூணு பேருக்கும் ஒரே உடம்பு.

கிரேஸி காசில் வரிசை அப்புறமும் போச்சு. 1999-ல மூணாவது, 2000-ல நாலாவது. 2002-ல அஞ்சாவது பாகம் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தப்ப பக்ஸும் இல்ல. உட்டி உட்பெக்கர், அதாவது மரங்கொத்தி, ஹீரோ ஆயிட்டார்.

இந்த மரங்கொத்தி வந்த இடத்துலதான் எனக்குக் கதை வேற மாதிரி திரும்புச்சு. ஏன்னு கேளுங்க.

எலிக்கு முன்னாடி ஒரு முயல்

1927. வால்ட் டிஸ்னி இன்னும் பெரிய ஆள் இல்ல. யூனிவர்சல் கம்பெனிக்காக, சார்லஸ் மின்ட்ஸ்ங்கற தயாரிப்பாளர் மூலமா, ஒரு கார்ட்டூன் வரிசை பண்ணிட்டு இருந்தார். ஹீரோ ஆஸ்வால்டுங்கற ஒரு முயல். நல்லா ஓடுச்சு. 1928 ஆரம்பத்துல டிஸ்னி நியூயார்க் போய் ஒரு படத்துக்குக் கொஞ்சம் கூடுதலா பணம் கேட்டார். மின்ட்ஸ் குறைச்சுத் தர்றேன்னு சொன்னார். அதுமட்டுமில்ல, டிஸ்னிகிட்ட வேலை பார்த்த பெரும்பாலான ஓவியர்களை ஏற்கெனவே தன் பக்கம் இழுத்து கையெழுத்து வாங்கியிருந்தார். ஆஸ்வால்டோட உரிமை யூனிவர்சல்கிட்ட. தானே உருவாக்கின முயலை அங்கயே விட்டுட்டு டிஸ்னி ஊர் திரும்பினார்.

கூட இருந்த முக்கியமான ஓவியர் அப் ஐவர்க்ஸ் மட்டும் அந்தப் பக்கம் போகல. ரெண்டு பேரும் சேர்ந்து புது ஹீரோவை உருவாக்கினாங்க. நீளக் காதை வட்டக் காதா மாத்தி, வாலை நீளமாக்கினா எப்படி இருக்கும்? ஆஸ்வால்டையும் அந்தக் கால மிக்கியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அண்ணன் தம்பின்னு சொல்லிடுவீங்க. 1928 நவம்பர் 18-ல 'ஸ்டீம்போட் வில்லி' வெளியாச்சு. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

ஆஸ்வால்டு என்ன ஆனான்? மின்ட்ஸ் கையிலயும் நிலைக்கல. 1929-ல யூனிவர்சல் அவனை வால்டர் லான்ட்ஸ்ங்கறவர்கிட்ட குடுத்துட்டாங்க. அந்த லான்ட்ஸ்தான் 1940-ல உட்டி உட்பெக்கரை உருவாக்கினவர். 2002-ல கிரேஸி காசிலை முடிச்சு வெச்ச அதே மரங்கொத்தி.

ஆஸ்வால்டு டிஸ்னிக்குத் திரும்பி வந்தது 2006-ல. எப்படின்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. டிஸ்னியோட விளையாட்டு சேனல் தன்கிட்ட இருந்த அல் மைக்கேல்ஸ்ங்கற வர்ணனையாளரை என்பிசி யூனிவர்சலுக்கு விட்டுக் குடுத்தாங்க. அந்தப் பேரத்துல பதிலுக்கு வந்ததுல ஒண்ணு இந்த முயல். 2010-ல வந்த 'எபிக் மிக்கி' கேம்ல ஆஸ்வால்டு வர்றான், எல்லாரும் மறந்துபோன அண்ணனா. தம்பி மேல அவனுக்கு அவ்வளவு கோபம்.

அம்மா கேட்ட கேள்வி

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசறேன்னா, எனக்குச் சொந்தமா ஒரு காரணம் இருக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கம்பெனியில ஒரே ஆப்பை மூணு கிளையன்ட்டுக்கு வித்தாங்க. நான் வேலை பார்த்தது அதுல பணம் அனுப்பற பகுதி. நெட்வொர்க் பாதியில போனா பணம் ரெண்டு தடவை போகக்கூடாது, அதுக்காக ரெண்டு மாசம் ராத்திரி பகலா உட்கார்ந்தேன். கடைசி வாரம் எனக்குக் குடுத்த வேலை என்ன தெரியுமா? ஒரு ஃபைல்ல லோகோவையும் கலரையும் மாத்தறது. நீலம், பச்சை, ஆரஞ்சு. மூணு ஆப் ரெடி.

ஊருக்குப் போனப்ப அம்மா போன்ல அதை இன்ஸ்டால் பண்ணிக் காட்டினேன். "நான் செஞ்சதும்மா"ன்னு சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. "இதுல உன் பேர் எங்கடா இருக்கு?"

பதில் சொல்ல முடியல. அன்னைக்கு ராத்திரி தூக்கமும் சரியா வரல.

கிரேஸி காசில் கதையைப் படிச்சப்ப அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்துச்சு. மிக்கியும் பக்ஸும் யாரோடதுன்னு பெட்டி மேலயே அச்சடிச்சிருக்கும். அதைக் காவல் காக்க வக்கீல்கள் இருக்காங்க. ஆனா கீழ் தளத்துல நிக்கற பூனை எந்த நொடியில திரும்பணும்னு யாரோ ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கார். அந்த ஒரு நொடிதான் என் நெஞ்சைப் படபடக்க வெச்சுது. அவர் பேர் எனக்குத் தெரியாம போச்சு. அந்தக் காலத்து ஜப்பானிய கேம்கள்ல ஆட்களை இன்னொரு கம்பெனி தூக்கிட்டுப் போயிடக்கூடாதுன்னு நிஜப் பேரை மறைச்சு, புனைப்பேர் போடற வழக்கமும் இருந்துச்சு.

முகம் வாடகைன்னா இன்னொரு பிரச்சினையும் உண்டு. வாடகை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணணும். கேப்காம் 'டக்டேல்ஸ்' கேமை 2013-ல புதுசாக்கி வெளியிட்டாங்க. 2019 ஆகஸ்ட்ல ஆன்லைன் கடைகள்ல இருந்து அதை எடுத்துட்டாங்க. 2020 மார்ச்ல திரும்ப வந்துச்சு. ஏழு மாசம் காசு குடுத்தாலும் வாங்க முடியாது. கேம்ல ஒரு கோளாறும் இல்ல. ஒரு பழைய கேமை மறுபடி விக்க செஞ்சவங்க மட்டும் நினைச்சா பத்தாது, முகத்தோட சொந்தக்காரரும் கையெழுத்துப் போடணும்.

2024 ஜனவரி 1-ல 'ஸ்டீம்போட் வில்லி' அமெரிக்காவுல பொதுச்சொத்து ஆயிடுச்சு. அந்த 1928 மிக்கியை இப்ப யார் வேணா எடுத்து வரையலாம், கேம் பண்ணலாம். ஆனா 1989-ல கேம் பாய்ல ஓடின மிக்கி இன்னும் பூட்டுக்குள்ளதான். அதுக்குக் கீழ ஓடற புரோகிராமும் கூடவே பூட்டிக் கிடக்கு.

இருந்தாலும் டிஸ்னியோட அந்த 1928 கதையில எனக்கு ஒரு ஆறுதல் இருக்கு. மின்ட்ஸ் முயலை எடுத்துக்கிட்டார், ஆட்களை எடுத்துக்கிட்டார். ஐவர்க்ஸோட கையை எடுத்துக்க முடியல. ஸ்டீம்போட் வில்லி டைட்டில் கார்டுல வால்ட் டிஸ்னி பேரோட அப் ஐவர்க்ஸ் பேரும் இருக்கு. போய்ப் பாருங்க.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு. அந்தப் பணம் அனுப்பற கோடு அங்கதான் இருக்கு, அது அவங்களோடது, அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா பாதியில அறுந்த நெட்வொர்க்ல பணத்தைப் பத்திரமா வைக்கறது எப்படின்னு இப்ப எனக்குத் தெரியும். அதை யாரும் என்கிட்ட திருப்பிக் கேட்கல. அம்மாகிட்ட போன வாரம் இந்த முயல் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "சரி, அடுத்த தடவை எங்கயாவது ஒரு மூலையிலயாவது பேரைப் போடு"ன்னாங்க.

சிங்கப்பூர் அண்ணனுக்கும் ஃபோன் போட்டேன். ராஜர் ராபிட்ல ஆரம்பிச்சு மரங்கொத்தி வரைக்கும் முழுக் கதையையும் இருபது நிமிஷம் சொன்னேன். பொறுமையா கேட்டான். கடைசியில சொன்னான்: "அப்ப மிக்கி கேம் இருந்தது உண்மைதானே? நான் சொன்னேன்ல."

தீர்ப்பு இன்னும் வரல மக்களே.

உங்க வீட்டு மஞ்சள் கேசட்ல யார் முகம் இருந்துச்சு? பரண்ல இருந்து எடுத்து, ஊதிப் போட்டுப் பார்த்துட்டு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.